கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே

வாசகர் கேள்வி பதில்

கோவை ராஜ வீதியை ஒட்டிய சந்தில் படங்களுக்குச் சட்டம் போடும் பட்டறை நடத்துகிறவர் பதில் சொல்கிறார். இந்த இதழில் மவுண்ட் போர்டு பற்றிய கேள்விகள் மட்டும். சட்டத்துக்குள், கண்ணாடிக்குப் பின்னால், படத்தைச் சுற்றி அகலமான ஓரமாகத் தெரிகிற கெட்டி அட்டைக்குத்தான் அந்தப் பெயர். சில கடைகளில் மேட் போர்டு என்பார்கள்.

கேள்வி: அக்கா, என் அப்பிச்சியும் அம்மிச்சியும் (அம்மாவைப் பெற்றவர்கள்) கல்யாணமான புதிதில் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் எங்களிடம் இருக்கிறது. அம்மிச்சியின் சேலைக்கு மட்டும் கையால் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். தடப்பள்ளி வாய்க்கால் ஓரத்து வீட்டில் பல வருடங்கள் மாட்டியிருந்தது. இப்போது படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தண்ணீரில் ஊறவைத்தால் வந்துவிடும் என்கிறார் மாமா. செய்யலாமா? (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: தண்ணீர் வேண்டாம் அம்மா. மாமாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். சேலைக்குத் தீட்டிய அந்த வண்ணம் படத்தின் மேற்பரப்பில்தான் இருக்கிறது; ஊறினால் முதலில் போவது அதுதான்.

அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்குவது காகிதத்தின் மேல் பூசிய ஜெலட்டின் படலம். அதற்குள்தான் வெள்ளித் துகள்கள் இருக்கின்றன. ஜெலட்டின் ஈரத்தில் உப்பி இளகும், வெயிலில் இறுகும். வாய்க்கால் ஓரத்து வீட்டில் ராத்திரி கண்ணாடி குளிர்ந்ததும் அதன் உட்புறத்தில் ஈரம் படிந்திருக்கும். இளகிய படலம் கண்ணாடியைத் தொட்டிருக்கும், பகலில் காய்ந்து இறுகியிருக்கும். வருடக் கணக்கில் இப்படியே நடந்தால் பசை தடவியதைப் போலவே பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். ஒட்டிய இடம் பளபளப்பான திட்டாகத் தெரியும், ஒட்டாத இடம் மங்கலாக இருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது இது. சட்டத்தைக் கவிழ்த்து ஒரு மெத்தென்ற துணிமேல் வையுங்கள். பின்பக்கத்து ஆணிகளை எடுத்து, பின்னட்டையை மட்டும் நீக்குங்கள். கண்ணாடியையும் படத்தையும் பிரிக்க முயல வேண்டாம். நகத்தால் நெம்ப வேண்டாம், தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்ட வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடலாம். ஸ்கேன் வசதி இல்லையென்றால், நிழலில் வைத்து, படம் எடுப்பவருக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்துக் கேமராவில் எடுங்கள்; பிரதிபலிப்பு குறையும். நகல் கைக்கு வந்துவிட்டால் மனம் நிதானமாகும். அதன் பிறகு அசலைப் பற்றி யோசிக்கலாம். பழம்பொருள் பாதுகாப்பு முறையான தொழில். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் இதற்கென்றே வேதியியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. பெங்களூருவில், கலைப் பொருட்களையும் பாரம்பரியத்தையும் காக்கும் இன்டாக் அமைப்பின் பாதுகாப்பு மையம் இருக்கிறது. அப்படிப் பயிற்சி பெற்றவர் கைக்குப் போகும்வரை படம் கண்ணாடியோடு ஒட்டியபடியே, ஈரமில்லாத அலமாரியில், கண்ணாடி கீழாகப் படுத்திருக்கட்டும்.

அந்தச் சட்டத்துக்குள் ஒரு மவுண்ட் போர்டு இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை வந்திருக்காது. சாதாரண மவுண்ட் போர்டின் கனம் சுமார் 1.4 மில்லிமீட்டர். அந்த 1.4 மில்லிமீட்டர் காற்று இடைவெளி கண்ணாடியில் படியும் ஈரம் ஜெலட்டினைத் தொடாமல் காக்கும். அழகுக்காக வைக்கிற ஓரம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். படத்தைக் கண்ணாடியிலிருந்து விலக்கி வைப்பதுதான் அதன் முதல் வேலை, அழகு அதற்குப் பிறகுதான். வளைந்து நெளிந்த பழைய படமாக இருந்தால் 1.4 போதாது; 3 மில்லிமீட்டர் கனமுள்ளதைக் கேளுங்கள், அல்லது இரண்டு போர்டுகளை அடுக்கிப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் அய்யன் தவறிவிட்டார். அவர் படத்துக்கு அமாவாசைக்கு அமாவாசை மாலை போடுவோம், விளக்கு வைப்போம். மவுண்ட் எல்லாம் வீண் செலவு, பலகையில் ஒட்டி லேமினேஷன் செய்துவிட்டால் தண்ணீரே படாது என்கிறார் கடைக்காரர். (வாசகர், பெருந்துறை)

பதில்: நகலைச் செய்யுங்கள், தாராளமாக. அசலை ஒருபோதும் செய்யாதீர்கள் ஐயா. பலகையில் சூட்டோடு ஒட்டிய படத்தைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. பலகை ஈரம் குடித்து உப்பினால் படமும் அதோடு உப்பும், பிளாஸ்டிக் மஞ்சளித்தால் அய்யன் முகமும் மஞ்சளிக்கும். ஒரு நல்ல சட்டம் போட்டால், நாளை உங்கள் பேரன் அதைக் கழற்றிப் படத்தை மட்டும் வெளியே எடுக்க முடிய வேண்டும். சட்டம் போடும் ஒரு செய்முறையைச் சரி என்று நான் ஏற்றுக்கொள்ள இது ஒன்றுதான் அளவுகோல்.

மாலையைப் பற்றி நீங்கள் எழுதியது நல்லதாகப் போயிற்று. பூவில் தெளித்த தண்ணீர் கண்ணாடியின் மேல் வழிந்து, கீழ்ச் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவிலுள்ள இடுக்கில் இறங்கும். வெளியே துடைத்துவிடுவோம், உள்ளே போனது உள்ளேயே தங்கும். பழைய படங்களில் கீழ் ஓரம் மட்டும் பழுப்புக் கறையோடு இருப்பதற்கு இதுதான் காரணம். மவுண்ட் இருந்தால் அந்த ஈரம் முதலில் அட்டையைத்தான் தொடும். கறை தெரிந்ததும் அட்டையை மாற்றிவிடலாம். கீழ்ப்பக்கத்து ஓரத்தைத் தாராளமாக, மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் விடச் சொல்லுங்கள். மாலையைச் சட்டத்தின் மேல் போடாமல் அதற்கு மேலே தனி ஆணி அடித்துத் தொங்கவிடுங்கள். சந்தனம் குங்குமம் கண்ணாடியில் இட்டுக்கொள்ளலாம், அதனால் கெடுதல் இல்லை. விளக்கைப் படத்துக்கு நேர் கீழே வைக்காமல் ஒரு முழம் தள்ளி வையுங்கள். புகைக்கரியும் சூடும் மேலே நேராகத்தான் போகும்.

கேள்வி: பத்து வருடத்துக்கு முன் சட்டம் போட்ட நீர்வண்ண ஓவியம். மவுண்டின் வெட்டு விளிம்பு வெள்ளையாக இருந்தது, இப்போது காபி நிறமாகிவிட்டது. அதை ஒட்டி ஓவியத்திலும் மெல்லிய பழுப்புக் கோடு ஓடுகிறது. கண்ணாடியைத் துடைத்துவிட்டேன், போகவில்லை. (வாசகி, திருப்பூர்)

பதில்: போகாது. அது காகிதத்துக்குள் இறங்கிவிட்ட தீப்புண். அட்டையிலிருந்து கசிந்த அமிலம் சுட்ட தழும்பு.

மலிவான மவுண்ட் போர்டு மரக்கூழில் செய்வது. மரத்தின் நாரோடு லிக்னின் என்ற பொருளும் சேர்ந்து வருகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் லிக்னின் பழுப்பாகும், அமிலத்தை உண்டாக்கும். பழைய செய்தித்தாள் மொறுமொறுவென்று உடைவதும் இதே காரணத்தால்தான். அட்டை தன்னளவில் கெட்டால் போகட்டும் என்று விடலாம். அது தொட்டுக்கொண்டிருக்கும் ஓவியத்துக்கும் அந்த அமிலத்தைக் கடத்துகிறது. வெட்டிய விளிம்பில் அட்டையின் உட்பகுதி திறந்து கிடப்பதால் அங்கேதான் பாதிப்பு அதிகம். அதனால்தான் கோடு அவ்வளவு நேராக, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் விழுந்திருக்கிறது.

நீங்கள் திருப்பூர்க்காரர் என்பதால் மாற்று வழியைச் சொல்வது எனக்கு எளிது. பனியன் வெட்டும்போது விழும் பருத்தித் துண்டுகளைக் கூழாக்கிக் கையால் காகிதம் செய்கிறார்களே, அந்தக் காகிதம் ஏன் அத்தனை நாள் உழைக்கிறது? பருத்தி கிட்டத்தட்ட முழுவதும் தூய செல்லுலோஸ். அதில் லிக்னின் இல்லை. மவுண்ட் போர்டிலும் நூற்றுக்கு நூறு பருத்தியில் செய்தது கிடைக்கிறது. அருங்காட்சியகத் தரம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். விலை பல மடங்கு. நடுத்தரமாக, மரக்கூழிலிருந்தே லிக்னினை நீக்கி, கால்சியம் கார்பனேட் சேர்த்த அட்டைகளும் வருகின்றன. அந்தச் சுண்ணாம்புச் சத்து பின்னால் வரும் அமிலத்தைக் கொஞ்ச காலம் அடக்கி வைக்கும்.

கடையில் 'ஆசிட் ஃப்ரீ' என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். மேலே ஒட்டிய வண்ணத் தாள் மட்டும் அமிலமற்றதாக இருக்கலாம். 'உள்ளே இருக்கும் அட்டையும் அப்படியா, பின்னால் வைக்கும் அட்டையும் அப்படியா' என்று கேளுங்கள். முன்னால் விலை உயர்ந்த பருத்தி அட்டை வைத்து, ஓவியத்தின் முதுகில் சாதாரண ஹார்ட்போர்டை அப்படியே அழுத்தி வைத்த வேலைகள் எங்கள் மேசைக்கு அடிக்கடி வருகின்றன. முதுகுப்பக்கம்தான் ஓவியம் முழுப் பரப்பிலும் அட்டையைத் தொடுகிறது. அங்கே மிச்சம் பிடித்தால் முன்பக்கத்துச் செலவு வீண்.

உங்கள் ஓவியத்தை இன்றைக்கே அந்தச் சட்டத்திலிருந்து விடுவித்துவிடுங்கள். இருக்கும் கோட்டை மறைக்க, புதிய மவுண்டின் திறப்பை, அதாவது படம் தெரிவதற்காக நடுவில் வெட்டும் ஓட்டையை, சற்றுச் சிறிதாக வெட்டலாம்.

கேள்வி: பொள்ளாச்சியில் நீர்வண்ணம் கற்றுக்கொள்கிறேன். 11×15 அங்குலத் தாளில் ஆழியாறு அணையை நிமிர்ந்த வாக்கில் வரைந்திருக்கிறேன். மவுண்ட் எவ்வளவு அகலம் வைக்க வேண்டும், கணக்கு எப்படிப் போடுவது? கடையில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். (மாணவி, பொள்ளாச்சி)

பதில்: கண்ணு, இந்தக் கணக்கை நீயே போடக் கற்றுக்கொண்டால் எந்தக் கடையிலும் உன்னை யாரும் அவசரப்படுத்த முடியாது.

முதலில் திறப்பு. அட்டை ஓவியத்தின் ஓரத்தை நான்கு பக்கமும் ⅛ அங்குலம் மூட வேண்டும், இல்லையென்றால் தாள் நழுவி வெளியே வந்துவிடும். ஆகவே திறப்பு 10¾×14¾. தாளின் விளிம்பு வரை கையெழுத்துப் போட்டிருக்கிறாயா என்று பார். ⅛ அங்குலத்துக்குள் உன் பெயரின் வால் மாட்டிக்கொண்டால் திறப்பை மாற்ற வேண்டும்.

அடுத்தது ஓரம். இந்த அளவுப் படத்துக்கு இரண்டரை முதல் மூன்று அங்குலம் நன்றாக இருக்கும். மூன்று பக்கம் 3, கீழே 3½ என்று வைத்தால் அட்டையின் வெளி அளவு 16¾×21¼ ஆகிறது. கீழே ஏன் கூட வேண்டும்? நடுவில் சரியாக வைத்த படம் கண்ணுக்குக் கொஞ்சம் கீழே இறங்கியதுபோல் தெரியும். கீழ் ஓரத்தைச் சற்றுக் கூட்டினால் அந்த உணர்வு போய்விடும். மாலையின் ஈரம் பற்றிப் பெருந்துறை வாசகருக்குச் சொன்ன காரணமும் உண்டு.

இப்போது காசு மிச்சமாகும் இடத்துக்கு வருகிறேன். நல்ல மவுண்ட் போர்டு பெரும்பாலும் 32×40 அங்குல முழுத் தாளாக வருகிறது. 16¾×21¼ என்றால் அந்தத் தாளில் இரண்டு துண்டுதான் தேறும். அதையே 16×20 என்று குறைத்தால் சரியாக நான்கு துண்டு. 16×20-ல் உன் திறப்பு எப்படி உட்காரும்? பக்கங்களில் 2⅝, மேலே 2½, கீழே 2¾. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை, அட்டைச் செலவு பாதியாகிறது. ஓவியம் கற்கும் மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு முழுத் தாள் வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் பருத்தி அட்டைகூடக் கைக்கு எட்டும்.

சட்டத்துக்கு அளவு கொடுக்கும்போது உட்புறம் 16×20-ஐவிட ⅛ அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். நெருக்கினால் மழைக்காலத்தில் அட்டை விரிந்து வளையும். சட்டத்தின் உதடு, அதாவது முன்பக்கத்தில் உள்நோக்கி நீளும் விளிம்பு, சுற்றிலும் கால் அங்குலத்தை மூடும் என்பதையும் கணக்கில் வை. கண்ணுக்குத் தெரியும் ஓரம் அந்த அளவு குறையும்.

ஒன்று மட்டும் செய்யாதே: மவுண்டின் ஓரத்தையும் சட்டத்தின் மரத்தையும் ஒரே அகலத்தில் வைக்காதே. ஒன்றரை அங்குல மரத்துக்கு ஒன்றரை அங்குல மவுண்ட் என்றால் வரிவரியாகத் தெரியும், படம் தெரியாது. மவுண்ட் எப்போதும் மரத்தைவிட அகலமாக இருக்க வேண்டும். உள்ளங்கை அளவுச் சின்னப் படத்துக்கும் நான்கு அங்குல ஓரம் அழகாகப் பொருந்தும். சின்னப் படத்துக்குச் சின்ன ஓரம் என்பது பழக்கத்தில் வந்த வழி. அதை நான் ஏற்பதில்லை.

கேள்வி: எங்கள் ஹாலில் சோபா மெரூன் நிறம், சுவர் வெளிர் பச்சை. மவுண்ட் எந்த நிறத்தில் போடலாம்? (வாசகி, ஆர்.எஸ்.புரம்)

பதில்: சோபாவை மாற்றினால் மவுண்டையும் மாற்றுவீர்களா அம்மா? படத்தைக் கேட்டு நிறம் தேர்ந்தெடுங்கள். என்ன படம் என்று நீங்கள் எழுதவே இல்லை.

பொதுவாகச் சொல்கிறேன். படம் வரைந்த தாளின் வெள்ளையைவிட மவுண்ட் வெள்ளையாக இருக்கக் கூடாது. தும்பைப்பூ வெள்ளையில் மவுண்ட் வைத்தால் பழைய தாள் அழுக்காகத் தெரியும். சந்தன நிறத்தை ஒட்டிய வெள்ளை, தந்த வெள்ளை, கோரா நிறம் ஆகியவை ஏறக்குறைய எதற்கும் பொருந்தும். துண்டு அட்டைகளை எடுத்துப் போய், பகல் வெளிச்சத்தில், மாட்டப்போகும் சுவரிலேயே படத்தின் மூலையில் வைத்துப் பாருங்கள். கடையின் குழல் விளக்கில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

அந்த மெரூனைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் இரட்டை மவுண்ட் இருக்கிறது. மேலே தந்த வெள்ளை, அதற்குள் கால் அங்குலம் மட்டும் எட்டிப் பார்க்கும் மெரூன் அட்டை. அதுவும் படத்துக்குள் எங்கேயாவது அந்தச் சிவப்பு இருந்தால் மட்டும்.

கேள்வி: ஓவிய வகுப்பு நடத்துகிறேன். மாணவர்களின் படங்களை மவுண்டில் நான்கு பக்கமும் செல்லோ டேப்பால் ஒட்டித் தருகிறோம். சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் படம் அலை அலையாக எழும்புகிறது. டேப் இன்னும் அகலமாக வேண்டுமா? (ஆசிரியர், ஈரோடு)

பதில்: டேப்பே வேண்டாம் ஐயா. அதன் பசை சில வருடங்களில் மஞ்சளித்துத் தாளுக்குள் இறங்கும். நாடா உதிர்ந்து விழுந்தாலும் கறை நிற்கும், அதை எடுக்க ரசாயனம் தெரிந்தவர் வேண்டும். ரப்பர் சொல்யூஷனும் அப்படித்தான்.

அலை எழும்புவதற்குக் காரணம் வேறு. காகிதம் ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். ஈரோட்டில் ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியாததா? நான்கு பக்கமும் கட்டிப் போட்டால் விரிகிற காகிதம் எங்கே போகும்? நடுவில் எழும்பும். கொடியில் காயப் போட்ட வேட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: மேலே மட்டும் பிடிப்பு, மற்ற மூன்று பக்கமும் சும்மா தொங்க வேண்டும்.

செய்முறை இது. இரண்டு அட்டை எடுங்கள். ஒன்று திறப்பு வெட்டியது, ஒன்று முழுசு. இரண்டையும் மேல் விளிம்பில் துணி நாடாவால் புத்தக அட்டைபோல் இணையுங்கள். ஓவியத்தைப் பின் அட்டையின்மேல் வைத்து, திறப்பை மூடிப் பார்த்துச் சரிசெய்து, மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில் மெல்லிய ஜப்பானியக் காகிதத் துண்டால் தொங்கவிடுங்கள். அந்தத் துண்டு ஓவியக் காகிதத்தைவிட மெலிதாக இருப்பது முக்கியம். சட்டம் தவறிக் கீழே விழுந்தால் துண்டு கிழியட்டும், ஓவியம் கிழியக் கூடாது.

ஒட்டுவதற்குக் கோதுமை மாவுச்சத்துப் பசை. மைதாப் பசை இல்லை. மைதாவில் இருக்கும் பசையம் (குளூட்டன்) காய்ந்தால் கடினமாகும், பூச்சிகளையும் கூப்பிடும். பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது பைண்டிங் செய்பவர்களின் பழைய வழக்கம். துத்தத்தில் தாமிரம் இருக்கிறது, தாமிரம் காகித நார் சிதைவதைத் துரிதப்படுத்தும். கோதுமை அல்வாவுக்குப் பால் பிழிந்து தெளிய வைப்போமே, மேல் நீரை வடித்தபின் அடியில் வெள்ளையாகத் தங்குவதுதான் உங்களுக்கு வேண்டிய மாவுச்சத்து. அதில் ஒரு பங்குக்கு நான்கைந்து பங்கு தண்ணீர் சேர்த்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறி, கண்ணாடி நிறம் வந்ததும் இறக்கி, ஆறவைத்து மெல்லிய துணியில் அழுத்தி எடுத்தால் பசை தயார். குளிர்பெட்டியில் சில நாள் தாங்கும், புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். பின்னால் எப்போது வேண்டுமானாலும் லேசாக நனைத்து இதை எடுத்துவிடலாம். மாணவர்களுக்கு இந்தப் பசை காய்ச்சுவதையும் ஒரு பாடமாக வையுங்கள், ஐயா. வரைந்ததைக் காப்பாற்றுவதும் ஓவியப் பயிற்சியில் சேர்ந்ததுதான்.

புகைப்படங்களுக்குப் பசையே தேவையில்லை. நான்கு மூலைக்கும் காகித உறை மடித்து, அதற்குள் மூலைகளைச் செருகினால் போதும்.

கேள்வி: காங்கேயம் காளையைக் கரித்துண்டால் பெரிய அளவில் வரைந்திருக்கிறான் என் மகன். கண்ணாடி கனமாக இருக்கிறது, அதற்குப் பதிலாக அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் தகடு போடலாமா? (வாசகர், காங்கேயம்)

பதில்: கரித்துண்டுக்கும் பேஸ்டலுக்கும் அக்ரிலிக் ஆகாது. துடைக்கும்போது அதில் நிலைமின்சாரம் ஏறும், தாளில் இருக்கும் கரித்தூளை இழுத்துக்கொள்ளும். காளையின் திமில் அக்ரிலிக்கில் போய் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியே போடுங்கள், அதற்கேற்பக் கனமான சட்டமும் சுவரில் இரண்டு ஆணியும். மவுண்டுக்குப் பின்னால், அதன் திறப்பைவிட அரை அங்குலம் அகலமான திறப்பு வெட்டிய இன்னொரு அட்டையை மறைவாக வைக்கச் சொல்லுங்கள். உதிரும் தூள் அந்த இடுக்கில் விழும், மவுண்டின் வெட்டு விளிம்பு வெள்ளையாகவே இருக்கும்.

பையன் அளவெடுத்து வரைந்தானா, கண்ணால் பார்த்தே வரைந்தானா என்று அறிய ஆசையாக இருக்கிறது. தொடர்ந்து வரையச் சொல்லுங்கள்.

கேள்வி: தஞ்சாவூர் ஓவியத்துக்கும் கேன்வாஸ் எண்ணெய் ஓவியத்துக்கும் மவுண்ட் வேண்டுமா? (வாசகர், சேலம்)

பதில்: கேன்வாஸ் எண்ணெய் ஓவியத்துக்கு மவுண்டும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். தஞ்சாவூர் ஓவியத்துக்கு மவுண்டின் கனம் போதாது. சுண்ணக் கலவையின் புடைப்பும் பதித்த கற்களும் 1.4 மில்லிமீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மரத்தாலோ கெட்டி அட்டையாலோ சட்டத்தின் ஓரத்தில் இடைக்கட்டை கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சின்னக்கல்லாறு பக்கம் எஸ்டேட் வீடு. நல்ல மவுண்ட், நல்ல கண்ணாடி எல்லாம் போட்டும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அட்டையில் பழுப்புப் புள்ளிகள், உள்ளே ராமபாணப் பூச்சி. (வாசகி, வால்பாறை)

பதில்: தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்றில் இருக்கிறீர்கள். அட்டை என்பது காகிதம்தான். காற்றில் இருக்கும் ஈரத்தை அது குடிக்கும். ஓவியத்துக்குப் போக வேண்டிய ஈரத்தில் ஒரு பகுதியைத் தான் வாங்கிக்கொள்கிறது என்ற அளவில் அது உங்களுக்கு உதவி செய்துகொண்டிருக்கிறது.

வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், முக்கியமாக மேற்குப் பார்த்த சுவரில். அறைக்கும் அறைக்கும் நடுவிலுள்ள சுவர் நல்லது. சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் தக்கையையோ ரப்பர் குமிழையோ ஒட்டி, சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று போக இடம் விடுங்கள். பின்பக்கத்து இடுக்குகளைப் பழுப்புக் காகித நாடாவால் முழுவதும் மூடுங்கள், ராமபாணம் அந்த வழியாகத்தான் வருகிறது. கரித்துண்டுப் படமாக இல்லாவிட்டால் உங்கள் ஊருக்கு அக்ரிலிக் ஏற்றது. கண்ணாடி அளவுக்கு அது சில்லிடாது, உட்புறத்தில் ஈரம் கோப்பது குறையும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மதிப்புள்ள காகித ஓவியங்களைக் கழற்றி, தரையைத் தொடாத அலமாரியில் வைத்துவிடுவது எல்லாவற்றிலும் மேல். மலையில் இருக்கும் என் வாடிக்கையாளர்கள் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். சுவர் நான்கு மாதம் வெறுமையாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

கேள்வி: என் அப்பத்தாளின் கையால் நெய்த பவானி ஜமக்காளத் துண்டு ஒன்று கிழிந்த நிலையில் இருக்கிறது. மவுண்டில் ஒட்டிச் சட்டம் போடக் கேட்டால் பசை தடவ வேண்டும் என்கிறார்கள். (வாசகர், பவானி)

பதில்: விடாதீர்கள், பசை தடவ விடாதீர்கள். துணியைத் தைக்க வேண்டும். பருத்தி மவுண்ட் போர்டின் மேல், துவைத்துக் கஞ்சி போக்கிய வெள்ளைப் பருத்தித் துணியை இழுத்துப் போர்த்துங்கள். ஜமக்காளத் துண்டை அதன்மேல் வைத்து, அதே நிற நூலால் இழைகளுக்கு நடுவே ஊசி விட்டு, தளர்வான சிறு தையல்களாகப் போட்டுப் பிடிக்க வேண்டும். ஊசி நெசவின் இடைவெளியில் போகட்டும், இழையைக் குத்தக் கூடாது. எடை முழுவதும் மேல் ஓரத்தில் விழாதபடி நடுவிலும் தையல் பரவியிருக்கட்டும். ஜமக்காளம் கெட்டியானது, ஆகவே ஆழமான பெட்டிச் சட்டம் வேண்டும்.

திறப்பு வெட்டிய மவுண்டை மேலே வைத்து ஓரத்தை மறைக்க வேண்டாம் என்பது என் கருத்து. கிழிந்த ஓரமும் தொங்கும் நூலும் தெரியட்டும். அப்பத்தாளின் கைவேலை அந்த ஓரத்தில்தான் தொடங்கியிருக்கிறது.

கேள்வி: மவுண்ட் திறப்பை வீட்டிலேயே சாய்வாக வெட்ட முயல்கிறேன். மூலைகள் பிசிறடிக்கின்றன, சில இடத்தில் வெட்டு தாண்டிப் போய்விடுகிறது. (வாசகர், கரூர்)

பதில்: முயல்வதே எனக்கு மகிழ்ச்சி, தம்பி. பேனாக்கத்தியால் 45 பாகையைக் கையில் பிடிக்க முடியாது. பிளேடைச் சாய்வாகப் பிடிக்கும் மவுண்ட் கட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சிறியது போதும். அளவுகளை அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்டு, பின்பக்கத்திலிருந்தே வெட்டுங்கள். அடியில் வீணான அதே வகை அட்டைத் துண்டு ஒன்று இருக்கட்டும். வெறும் மேசைமேல் வெட்டினால் பிளேடு நுனி வளைந்து பிசிறு வரும். கண்ணாடிமேல் வெட்டினால் நுனி உடைந்தே போகும். ஸ்கேல் நகராமல் இடது கை முழுவதையும் ஊன்றி, ஒரே இழுப்பில், நடுவில் நிறுத்தாமல் வாருங்கள்.

மூலையில் பென்சில் கோட்டை அட்டையின் கனம் அளவுக்கு, சுமார் ஒன்றரை மில்லிமீட்டர், தாண்டினால்தான் முன்பக்கத்தில் சரியாகச் சேரும், ஏனென்றால் பிளேடு சாய்வாக இறங்குகிறது. அதற்கு மேல் தாண்டினால் முன்னால் கீறல் தெரியும். சேராமல் நின்றுவிட்டால் நடுத்துண்டைப் பிய்க்காதீர்கள். சவரப் பிளேடை அதே சாய்வில் மூலைக்குள் விட்டு மெதுவாக அறுத்துவிடுங்கள். பிளேடை மிச்சம் பிடிக்க வேண்டாம். இரண்டு மூன்று திறப்புக்கு ஒரு புதுப் பிளேடு. பிசிறு வருகிறது என்றாலே முதலில் அதை மாற்றிவிட்டு, பிறகு மற்றதைப் பாருங்கள்.